பிரஷர் கிளினிக்கில் முதல் மாதம்: திருகோணமலைக்குப் புதிதாக வரும் தாதியருக்கு

கிளினிக் நாளில் முதலில் கண்ணில் படுவது அவசரம். வெருகல், ஈச்சிலம்பற்றை, குச்சவெளி என்று எங்கெங்கோ இருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர்கள் விடிந்ததும் விடியாததுமாக வாங்கில் இருப்பார்கள். பகல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்துவிடும், மீன் ஏலத்துக்கு ஆள் இல்லை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். டொக்டருக்கு ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். அந்த மூன்று நிமிடத்தில் அவர் கிளினிக் கொப்பியைத் திறந்து பார்ப்பது நீங்கள் எழுதிய எண்ணைத்தான். குளிசை கூடுவதும் குறைவதும் அதை வைத்துத்தான்.

இதை நான் நோகப்பட்டுப் படித்தேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு கிளினிக்கில், நம்பர் கூப்பிட்டதும் வயதான ஐயா ஒருவர் வெளி மரத்தடியில் இருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். இருந்த கையோடு சேட்டுக் கைக்கு மேலாலேயே பட்டியைக் கட்டினேன். 178/96. எழுதினேன். டொக்டர் இன்னொரு குளிசை சேர்த்தார். இரண்டு கிழமையில், இரவு சலத்துக்கு எழும்பிய இடத்தில் விழுந்து நெற்றி வெடித்து வாட்டுக்கு வந்தார். மகன் வீட்டு மெஷினில் பார்த்து எழுதிய கொப்பியை நீட்டினார். புதுக் குளிசைக்கு முன்னமே 128, 132, 126 என்றுதான் இருந்தது. யாரும் என்னை ஏசவில்லை. வாட்டுச் சிஸ்டர் மட்டும் கேட்டார்: “இருக்க விட்டுப் பார்த்தனீங்களா பிள்ளை?”

கீழே சொல்வதெல்லாம் அந்தக் கேள்விக்குப் பிறகு பழகியது. மருந்து எழுதுவது நம் வேலை இல்லை. உண்மையான எண்ணை எடுப்பதும், நோயாளியிடம் உண்மையான பதிலை எடுப்பதும் நம் வேலை. இரண்டாவதுதான் கஷ்டம்.

முதலில் வாங்கைக் கவனியுங்கள்

பட்டி கட்டுவதற்கு முன் ஆள் ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். பேசாமல், போனில் கத்தாமல். தேத்தண்ணி, கோப்பி, பீடி, சிகரட், வேகமான நடை எதுவாக இருந்தாலும் முடிந்து அரை மணித்தியாலம் ஆகியிருக்க வேண்டும். நெரிசலில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். நடக்கும். ஒரே ஒரு மாற்றம் போதும்: நம்பர் கூப்பிட்டதும் அளக்காதீர்கள். அடுத்த நான்கைந்து பேரை முன்கூட்டியே உள்ளே எடுத்து, சாய்மானம் உள்ள கதிரைகளில் வரிசையாக இருத்துங்கள். அவர்கள் முறை வரும்போது ஐந்து நிமிடம் தானாகவே கழிந்திருக்கும்.

அடுத்தது சலம். இது பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துவிடும், இங்கே பெரிய கதை. நம்பர் தப்பிவிடும் என்ற பயத்தில் காலையில் இருந்து அடக்கிக்கொண்டு இருப்பவர்கள் நிறையப் பேர், முக்கியமாகப் பெண்கள். சலப்பை நிறைந்திருந்தால் பிரஷர் கூடித்தான் காட்டும். “போய்ட்டு வாங்கம்மா, உங்கட நம்பர்த் துண்டை நான் வச்சிருக்கிறன்” என்று சொல்லுங்கள். அந்தத் துண்டை உண்மையிலேயே கையில் வாங்கி வையுங்கள், அப்போதுதான் நம்பிப் போவார்கள்.

மூன்றாவது, வெறும் வயிறு. சுகர் பார்க்க இரத்தம் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால், எங்கள் ஆட்கள் பச்சைத்தண்ணிகூடக் குடிக்காமல் வருவார்கள். பிரஷர்க் குளிசையையும் விட்டுவிடுவார்கள். அன்றைக்கு 160க்கு மேல் காட்டும், டொக்டர் மருந்தைக் கூட்டுவார். அதனால் அளக்கும் முன் கட்டாயம் கேளுங்கள்: “காலமைக் குளிசை போட்டீங்களா?” இல்லை என்றால் எண்ணுக்குப் பக்கத்தில் “இன்று காலை மருந்து எடுக்கவில்லை” என்று எழுதுங்கள். சுகர் குளிசையைத்தான் சாப்பிடாமல் போடக்கூடாது, பிரஷர்க் குளிசையைக் கொஞ்சத் தண்ணியோடு விழுங்கலாம் என்று டொக்டரிடம் உறுதி செய்துகொண்டு, அடுத்த திகதி கொடுக்கும்போதே சொல்லி அனுப்புங்கள்.

பட்டியும் கையும்

முதுகு கதிரையில் சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பாதமும் நிலத்தில், கால் மேல் கால் கூடாது. கை மேசையில் தாங்கி, பட்டி கட்டிய இடம் நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். கை தொங்கினால் எண் கூடும், உயர்த்தினால் குறையும். மேசை பதிவாக இருந்தால் மடித்த பெட்சீட்டை வையுங்கள். நான் ஒரு பழைய தலையணையை வைத்திருந்தேன், கிளினிக்கில் எல்லோருக்கும் அது “மிஸ்ஸின்ர தலையணை”.

கை வெறுங்கையாக இருக்க வேண்டும். கிண்ணியா, மூதூர், புல்மோட்டைப் பக்கத்தால் வரும் எங்கள் முஸ்லிம் அம்மாக்கள் நீளக் கை அபாயா போட்டிருப்பார்கள். அந்தக் கையை மேலே சுருட்டினால் அதுவே இறுக்கிப் பிடித்து எண்ணைப் பிழையாக்கும், மேலாலே கட்டினாலும் பிழை. ஒரு திரையை இழுத்துவிட்டு, பெண் தாதி ஒருவர் நின்று, “உம்மா, ஒரு கையை மட்டும் கழற்றுவம்” என்று சொன்னால் மறுப்பவர்கள் குறைவு. திரை இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். அது வசதிப் பொருள் இல்லை, அளவைக் கருவியின் ஒரு பாகம்.

பட்டியின் உள்ளே இருக்கும் காற்றுப்பை, கைச் சுற்றளவில் 80 வீதத்தையாவது சுற்றி வர வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டி கட்டினால் இல்லாத பிரஷர் காட்டும். கைச் சுற்று 32 சென்ரிமீட்டரைத் தாண்டினால் பெரிய பட்டியை எடுங்கள். ஒல்லியான பாட்டிமாருக்குப் பெரிய பட்டி கட்டினால் குறைத்துக் காட்டும், அதையும் மறக்காதீர்கள். பட்டியின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு மூன்று சென்ரிமீட்டர் மேலே நிற்க வேண்டும். டயலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையில் கட்டவே கூடாது. மார்பகம் அகற்றிய பக்கத்துக் கையையும் தவிருங்கள்.

கையால் பார்க்கும் மெஷின் என்றால், முதலில் மணிக்கட்டு நாடியைத் தொட்டுக்கொண்டு காற்றடியுங்கள். நாடி மறையும் இடத்தில் இருந்து இன்னும் 30 ஏற்றி, பிறகு ஸ்டெதஸ்கோப்பை வைத்து, செக்கனுக்கு 2, 3 மில்லிமீட்டர் வேகத்தில் இறக்குங்கள். முதல் ஓசை மேல் எண், ஓசை அடியோடு நிற்கும் இடம் கீழ் எண். 1905இல் ரஷ்ய வைத்தியர் கொரட்கோவ் சொன்ன ஓசைகள்தான், இன்னும் மாறவில்லை. நாடியைத் தொடாமல் நேரே 160க்கு ஏற்றி இறக்கினால் 200 உள்ள ஆளுக்கு 150 என்று எழுதிவிடுவீர்கள். சிலருக்கு இடையில் ஓசை காணாமல் போய்த் திரும்ப வரும், அதுதான் பொறி.

தானியங்கி மெஷின் என்றாலும் நாடியை ஒரு தரம் தொடுங்கள். நாடி தாறுமாறாக ஓடினால் அந்த மெஷினை நம்ப முடியாது. கையால் இரண்டு மூன்று தரம் பாருங்கள், டொக்டரிடமும் சொல்லுங்கள். பட்டி ஊதும்போது நோயாளி பேசினால் நிறுத்தச் சொல்லுங்கள். நீங்களும் பேசாதீர்கள். நமக்குத்தான் அது கஷ்டம்.

புதிதாக வரும் நோயாளிக்கு இரண்டு கையிலும் பாருங்கள். வித்தியாசம் திரும்பத் திரும்ப 10க்கு மேல் இருந்தால், கூடக் காட்டும் கையைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி, இனி எப்போதும் அந்தக் கையிலேயே பாருங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம் பார்ப்பது எல்லோருக்கும் பொது. வயதானவர்கள், சுகர்காரர், தலை சுற்றுது என்பவர்கள் என்றால் எழுப்பி நிற்க வைத்து மூன்று நிமிடத்துக்குள் இன்னொரு தரம் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அது டொக்டருக்குப் போக வேண்டிய செய்தி. என் ஐயாவை அப்படி நிற்க வைத்துப் பார்த்திருந்தால் நெற்றி தப்பியிருக்கும்.

எண்ணை எழுதுவது

எந்தக் கிளினிக் பதிவேட்டையும் எடுத்துக் கண்ணை ஓட்டுங்கள். 130/80, 140/90, 130/80, 120/80. மனித உடம்பு இப்படிப் பூச்சியத்தில் முடிவதில்லை. களைத்துப் போன கைதான் அப்படி முடிக்கிறது. 138ஐ 140 ஆக்கினால் ஒருவருக்குத் தேவையில்லாத மருந்து, கூடின எண்ணைக் குறைத்து எழுதினால் இன்னொருவருக்குத் தேவையான மருந்து பிந்தும். கண்ட எண்ணை அப்படியே எழுதுங்கள். இரண்டு தரம் பார்த்தால் இரண்டையும் எழுதுங்கள். எந்தக் கை, இருந்தா நின்றா என்பதையும் சேர்த்தால் இரண்டு எழுத்துத்தான் கூடும்.

எந்த எண்ணுக்கு என்ன செய்வது

கிளினிக்கில் 140/90, அதற்கு மேல் வெவ்வேறு நாட்களில் திரும்பத் திரும்ப வந்தால்தான் உயர் குருதி அமுக்கம் என்று பேசுவோம். ஒரு நாள் எண்ணைக் கண்டு “உங்களுக்குப் பிரஷர்” என்று ஒருவர் காதில் போடாதீர்கள், அன்றிரவு அவர் நித்திரை கொள்ளமாட்டார். அமெரிக்க வழிகாட்டி 2017இல் எல்லையை 130/80க்கு இறக்கியது, வாட்ஸ்அப்பில் அதைப் பார்த்துவிட்டுக் கேட்பவர்களும் வருவார்கள். உங்கள் கிளினிக் டொக்டர் எந்த எல்லையை வைத்திருக்கிறாரோ அதையே எல்லோரும் ஒரே குரலில் சொல்லுங்கள்.

180/120 அல்லது அதற்கு மேல் கண்டால் முதலில் உங்கள் முகத்தைச் சரி செய்யுங்கள். நோயாளி உங்கள் முகத்தைத்தான் வாசிப்பார். அமைதியாக இருத்தி, ஐந்து நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். அதற்கிடையில் கேளுங்கள்: நெஞ்சு நோகுதா, மூச்சு வாங்குதா, தாங்க முடியாத தலையிடியா, கண் மங்குதா, கை கால் விறைக்குதா, பேச்சுக் குழறுதா. ஒன்றுக்கு ஆம் என்றாலும் வரிசை கிரிசை இல்லை, ஆளைக் கையோடு டொக்டரிடம் கொண்டுபோங்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாலும் டொக்டருக்குச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் ஓடத் தேவையில்லை. முன்பு நிஃபெடிப்பின் கப்சியூலை வெடிக்க வைத்து நாக்குக்கடியில் விடும் பழக்கம் இருந்தது. சடாரென்று பிரஷர் விழுந்து மூளைக்கும் இருதயத்துக்கும் இரத்தம் குறைந்து ஆபத்தாகிறது என்று அது கைவிடப்பட்டது. பழைய ஆட்கள் சிலர் இன்னும் அதைத்தான் சொல்வார்கள், தலையாட்டாதீர்கள்.

முகம் ஒரு பக்கம் கோணுது, ஒரு கை தூக்க முடியவில்லை, வார்த்தை வரவில்லை என்றால் அது பாரிசவாதம். எல்லா வீட்டாருக்கும் மூன்று விஷயம் சொல்லி வையுங்கள். உடனே 1990க்கு அடிக்க வேண்டும், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. வாயால் குளிசையோ தண்ணியோ சோடாவோ கொடுக்கக்கூடாது. கடைசியாக எத்தனை மணிக்கு ஆள் நல்லாக இருந்தார் என்பதை யாராவது ஒருவர் ஞாபகம் வைக்க வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி எல்லோருக்கும் பொருந்தாது, பொருந்துகிறவருக்கும் நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். மணி தெரியாவிட்டால் அந்த வாய்ப்பே போய்விடலாம்.

குளிசைப் பேச்சு

“மருந்து ஒழுங்காப் போடுறீங்களா?” என்று கேட்டால் திருகோணமலை மாவட்டம் முழுவதும் ஒரே பதில்தான்: “ஓம் மிஸ்.” அந்தக் கேள்வியை மறந்துவிடுங்கள். “எல்லாருக்கும் மறக்கிறதுதான். போன கிழமை எத்தனை நாள் தவறிச்சு?” என்று கேளுங்கள். அல்லது “மிச்சக் குளிசையைக் காட்டுங்கோ” என்று கவரை வாங்கி எண்ணுங்கள். 28 நாளில் 14 குளிசை மிச்சம் இருந்தால் விஷயம் முடிந்தது. இந்த இடத்தில் ஏசினால் அடுத்த மாதம் மிச்சத்தைக் கிணற்றடியில் கொட்டிவிட்டுத்தான் வருவார். “நல்லாயிருக்கு, கொண்டு வந்தீங்கள். எந்த நேரக் குளிசை கஷ்டமா இருக்கு?” என்று கேட்டால் கதை தானாக வரும்.

என்ன கதைகள் வரும்? இரவு கடலுக்குப் போகிறவர் இரவுக் குளிசையைத் தோணியில் கொண்டு போவதில்லை. “இங்கிலீஷ் மருந்து சூடு, கிட்னியை அடிக்கும்” என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருப்பார்கள். கிட்னியை அடிப்பது கட்டுப்படாத பிரஷர் என்பதை ஒவ்வொரு மாதமும் புதிதாகச் சொல்ல வேண்டும். வெள்ளைக் குளிசை போன மாதம் மஞ்சளாக வந்தது, அதனால் இரண்டையும் போடுகிறார், அல்லது இரண்டையும் விட்டுவிட்டார். கம்பனி மாறினால் நிறம் மாறும், கவரில் எழுதிய பெயரைப் பாருங்கள் என்று சொல்லலாம். ஆனால் கவரில் இருப்பது அவருக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தாக இருக்கும். பேனையை எடுத்துத் தமிழில் “காலை 1”, “இரவு 1” என்று எழுதிக் கொடுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்குக் காலைக் குளிசைக் கவரில் ஒரு சூரியன், இரவுக் கவரில் ஒரு பிறை. ஒரு அம்மா நான் கீறிய பிறையைப் பார்த்து, “இது என்ன, தேங்காய்த் துண்டா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டேன்.

சிங்கள நோயாளிகளும் வருவார்கள், கந்தளாய், சேருவில பக்கத்தால். “பெஹெத் பிவ்வத?”, மருந்து குடிச்சீங்களா, என்று ஒன்று கேட்கத் தெரிந்தாலே அவர் முகம் மாறும்.

இனி, நான் எல்லாவற்றிலும் பெரிய பிழை என்று நினைப்பது: நோயாளி மருந்தை விடுவதற்கு நாமே காரணமாகும் ஒரு சொல். 124/78 வருகிறது. நாம் சந்தோசமாக “நோர்மல்!” என்கிறோம். அவர் வீட்டுக்குப் போய்க் குளிசையை நிப்பாட்டுகிறார். கேட்டால், “பிரஷர் இல்லை எண்டு மிஸ்தானே சொன்னவ” என்பார். சரியாகத்தான் சொல்கிறார். காய்ச்சலுக்குக் குளிசை போட்டு, காய்ச்சல் விட்டதும் நிப்பாட்டுவதுதானே அவருக்குத் தெரிந்த வைத்தியம். “நோர்மல்” என்ற சொல்லை விட்டுவிட்டு, “குளிசை நல்லா வேலை செய்யுது” என்று சொல்லிப் பாருங்கள். எண் ஒன்றுதான், கேட்பவர் எடுத்துக்கொள்ளும் அர்த்தம் வேறு.

எந்த மருந்து என்ன தொந்தரவு தரும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பேர் நிற்பாட்டமாட்டார்கள். அம்லோடிப்பினுக்குக் கணுக்கால் வீங்கலாம். எனலப்ரிலுக்கு வறட்டு இருமல் வரலாம், நெஞ்சுச் சளி என்று பாணி குடித்துக்கொண்டே இருப்பார்கள். சலம் போக வைக்கும் மருந்தைக் காலையில் போட வேண்டும், இல்லாவிட்டால் இரவு முழுக்க நடை. பிரசோசினின் முதல் குளிசை படுக்கைக்குப் போகும் நேரம், எழும்பும்போது மெல்ல எழும்ப வேண்டும். அட்டெனலோலைத் திடீரென்று நிப்பாட்டக்கூடாது. தொந்தரவு வந்தால் டொக்டர் மாற்றித் தருவார் என்ற ஒரு வரியோடு முடியுங்கள்.

கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி: “மேல் உளைவுக்கு என்ன போடுறீங்கள்?” வயல் வேலைக்காரரும் வலை இழுப்பவரும் பார்மசியில் டைக்ளோஃபெனக் வாங்கி நாள் கணக்கில் போடுவார்கள். அது பிரஷரையும் கூட்டும், கிட்னிக்கும் கூடாது. இதை அவர்கள் மருந்து என்றே எண்ணுவதில்லை, அதனால் “வேற மருந்து பாவிக்கிறீங்களா” என்று கேட்டால் வெளியே வராது.

உப்பு

உப்புவெளி என்று ஊருக்கே பெயர் வைத்த ஆட்களிடம் உப்பைக் குறை என்று சொல்லப் போகிறோம், கொஞ்சம் பணிவு தேவை.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைய, அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைய. இதைச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் ஏறாது, சட்டிக்குள் யார் கரண்டி அளக்கிறார்கள்? நான் கேட்பது வேறு: “உப்புப் பக்கெட் ஒண்டு எத்தனை நாளைக்குப் போகும்?” 400 கிராம் பக்கெட், வீட்டில் நான்கு பேர் என்றால் 20 நாளுக்குக் குறையாமல் வர வேண்டும். அதுவும் கருவாடு, பாண், அச்சாறு எதிலும் உப்பே இல்லை என்ற கணக்கில். இருப்பதால் 30 நாளாவது ஓடினால் நல்லது. ஒரு அக்கா கணக்குப் பார்த்துவிட்டு, “மிஸ், எங்கட வீட்டில பத்து நாள்” என்று வாயில் கை வைத்தார். அந்த வீட்டில் யாரும் உப்பு அள்ளிச் சாப்பிடுவதில்லை. சோற்றுக்கு உப்பு, புட்டு மாவுக்கு உப்பு, சொதிக்கு உப்பு, சம்பலுக்கு உப்பு, மேசையில் தேசிக்காய் ஊறுகாய். எதை முதலில் விடலாம் என்று அவரையே கேட்டேன். சோற்று உப்பை விட்டார். கறி இருக்கும்போது சோற்றில் உப்பு இல்லாதது யாருக்கும் தெரியவில்லையாம்.

கருவாட்டை விடு என்று சொல்லாதீர்கள். சொன்னால் அதோடு நீங்கள் சொல்லும் மற்றதையும் விட்டுவிடுவார்கள். சின்னத் துண்டு, கிழமைக்கு ஒரு நாள், தண்ணியில் ஊற வைத்து அந்தத் தண்ணியை ஊற்றிவிட்டுச் சமைக்கலாம், உப்பு கொஞ்சம் போகும். அன்றைய கறிக்கு வேறு உப்பு வேண்டாம். மோர் மிளகாய், சூப் கட்டி, பக்கெட்டில் வரும் மிக்சர் இவை மறைந்திருக்கும் உப்பு. பச்சை மீன் மலிவாகக் கிடைக்கும் ஊர் இது, தேசிக்காய்ப் புளியும் மிளகும் கொச்சிக்காயும் கூட்டினால் நாக்கு இரண்டு மூன்று கிழமையில் பழகிவிடும். வெளிநாட்டில் இருந்து பிள்ளைகள் அனுப்பும் ‘குறைந்த சோடியம் உப்பு’ பற்றி மட்டும் கவனம். அதில் பொட்டாசியம் இருக்கும். கிட்னி வருத்தம் உள்ளவர், லொசார்ட்டன், எனலப்ரில் போடுபவர் டொக்டரைக் கேட்காமல் பாவிக்கக்கூடாது.

நடை பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கிழமைக்கு 150 நிமிடம் என்று சொன்னால் மறந்துவிடுவார்கள். டவுண் ஆட்களுக்கு, பின்னேரம் வெயில் சாய்ந்த பிறகு டச் பே கடற்கரை ஓரமாக அரை மணித்தியாலம், கிழமைக்கு ஐந்து நாள். கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் மட்டும் ஏறுவது நல்ல நடைதான், ஆனால் முழங்கால் வருத்தக்காரரையும் நெஞ்சு வருத்தக்காரரையும் அங்கே ஏற்றிவிடாதீர்கள்.

நோன்பு, விரதம், கச்சான் காற்று

ரமழான் வரும் மாதத்தில் கிளினிக்கே மாறிவிடும். பகலில் குளிசை இல்லை என்று அவர்களாகவே முடிவெடுத்து, காலைக் குளிசையையும் இரவுக் குளிசையையும் நோன்பு திறந்த கையோடு ஒன்றாக விழுங்குவார்கள். அதனால் நோன்புக்கு ஒரு மாதம் முன் வரும் கிளினிக்கிலேயே கேட்டுவிடுங்கள்: “இந்த முறை நோன்பு பிடிக்கிறீங்களா?” ஆம் என்றால் கொப்பியில் எழுதி டொக்டரிடம் அனுப்புங்கள். ஒரு நேரக் குளிசைக்கு மாற்றுவதா, ஸஹரிலா திறந்த பிறகா, சலம் போகும் மருந்தை என்ன செய்வது என்பது அவர் தீர்மானம். பிடிக்கக்கூடாது என்று நாம் சொன்னால் கேட்கமாட்டார்கள், எப்படிப் பிடிப்பது என்று சொன்னால் கேட்பார்கள். கந்தசஷ்டி ஆறு நாளும் இதே கதைதான், தண்ணியும் குளிசையும் விரதத்தை முறிக்காது என்று வீட்டில் ஒரு பெரியவரைக் கொண்டு சொல்வித்தால் வேலை இன்னும் சுலபம்.

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் இன்னொரு பிரச்சினை. அந்த அனலில் வியர்த்துக் கொட்டும். சலம் போகும் மருந்து எடுப்பவர்களுக்குத் தலை சுற்றும், எழும்பினால் கண் இருட்டும். தண்ணி எவ்வளவு குடிக்கிறார்கள் என்று கேளுங்கள், நிற்க வைத்து ஒரு தரம் பாருங்கள். இருதயம், கிட்னி வருத்தத்துக்காகத் தண்ணியை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர் என்றால் உங்கள் வாயால் “நல்லாத் தண்ணி குடியுங்கோ” என்று சொல்லிவிடாதீர்கள்.

பிள்ளைத்தாச்சிகள்

இவர்கள் வேறு வரிசை. 140/90 கண்டால் காத்திருப்பு இல்லை, அன்றே டொக்டர். 160/110 என்றால் அந்த நிமிடமே. தலையிடி, கண் மங்கல், மேல் வயிற்று நோ, திடீர் வீக்கம், இவற்றைக் குடும்பநல உத்தியோகத்தர், அதாவது மிட்வைஃப் மிஸ், சொல்லியிருப்பார், நீங்களும் சொல்லுங்கள். பிரஷருக்கு லொசார்ட்டன், எனலப்ரில் எடுக்கும் இளம் பெண்களிடம் குழந்தைக்கு யோசிக்கிறீர்களா என்று கேட்டு டொக்டருக்குத் தெரிவியுங்கள். அந்த மருந்துகள் வயிற்றுப் பிள்ளைக்குக் கூடாது.

வீட்டு மெஷின்

கனடாவில், லண்டனில், கட்டாரில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பிய மெஷின் பல வீடுகளில் உண்டு. பையோடு கிளினிக்குக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். மணிக்கட்டில் கட்டும் வகையை விட மேற்கையில் கட்டும் வகைதான் நல்லது. உங்கள் மெஷினோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு முறையைக் காட்டிக் கொடுங்கள்: கிளினிக்குக்கு முந்திய ஏழு நாள், காலை குளிசைக்கு முன் இரண்டு தரம், இரவு இரண்டு தரம். முதல் நாளை விட்டுவிட்டு மிச்சத்தின் சராசரி 135/85க்குக் கீழே இருக்க வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் பார்த்துப் பயந்து சாகிறவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் மெஷினை அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை மகளிடம் கொடுக்கச் சொல்வேன்.

வராதவர்கள்

கடைசி ஆள் போன பிறகுதான் முக்கியமான வேலை இருக்கிறது, அதைச் செய்பவர்கள் குறைவு. அன்றைக்கு வர வேண்டியவர்களில் யார் வரவில்லை என்று பட்டியலைப் பாருங்கள். கதிரையில் இருக்கும் ஆளின் 150ஐ விட, வராத ஆளின் தெரியாத எண்தான் எனக்குப் பயம். கொப்பியில் போன் நம்பர் இருந்தால் ஒரு அழைப்பு எடுங்கள். அது யாராவது மகனுடைய நம்பராக இருக்கும், ஆள் சவுதியில் இருப்பார், பரவாயில்லை, வேறு நம்பர் வாங்குங்கள். இல்லாவிட்டால் அந்தப் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸிடம் பெயரைக் கொடுங்கள், எந்த ஒழுங்கையில் எந்த வீடு என்று அவருக்குத் தெரியாதது இல்லை.

மாசி, பங்குனியில் தம்பலகாமம், மூதூர்ப் பக்கத்து ஆண்கள் கூட்டமாக வராமல் விடுவார்கள். வெள்ளாமை வெட்டு. மெஷின் வயலுக்கு வரும் நாளில் பிரஷர் என்ன, காய்ச்சலுக்கே யாரும் வரமாட்டார்கள். தை மாதக் கிளினிக்கிலேயே “உங்கட வெட்டு எப்ப?” என்று கேட்டு, அதைத் தாண்டிய திகதி போடவும் அதுவரைக்கும் குளிசை காணும்படி எழுதவும் டொக்டரிடம் கேளுங்கள். பிறகு வெட்டு முடிந்து அவர் வரும்போது, வயலில் இருந்து நேரே வந்து நிற்பார். முதலில் கதிரையைக் காட்டுங்கள்.